நாய் இல்லாத படகு

— அவன்கிட்ட கேளு, ஒரு மணி நேரம் லேட்டா வந்தவனுக்கு இப்ப என்ன இவ்வளவு அவசரம்னு.

— யார்கிட்ட? லினஸ்கிட்டயா? நோரீன், அவரு உங்களுக்குப் பின்னாடி நாலு முழத்துலதானே உட்கார்ந்து எஞ்சினைப் பிடிச்சிருக்காரு. நீங்களே கேளுங்களேன்.

— நான் கேக்கக் கூடாது. அவன் என் மருமகன்.

— சண்டையா?

— சண்டை போடறதுக்கும் பேசணுமே, கேட்டியா. பதினாலு வருஷமா நானும் அவனும் ஒத்த வார்த்தை பேசினதில்ல. மாமியாரும் மருமகனும் முகம் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. அது இந்த மண்ணோட ஆதி ஜனங்க, எங்க முறை. அதான் நான் இங்க முன்னால திரும்பி உட்கார்றேன், அவன் அங்க பின்னால.

— அட கடவுளே. அப்புறம் எப்படி ரெண்டு பேரும் சேர்ந்து டூர் நடத்துறீங்க?

— நாய் இருந்துச்சு. இப்ப நீ உட்கார்ந்திருக்கியே, அதே பலகைலதான் உட்காரும். "நாயே, அந்த ஆளை இடது பக்கம் ஒதுக்கச் சொல்லு"ம்பேன். அவன், "நாயே, அங்க கட்டை கிடக்குன்னு அவங்ககிட்ட சொல்லு"ம்பான். நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. போன மழைக்காலத்துல முதலை இழுத்துக்கிட்டுப் போயிருச்சு.

— நாயையா?

— பின்ன மருமகனையா? அதுலேர்ந்து உன்னை மாதிரி டிக்கெட் வாங்கி வர்றவங்கதான் நடுவுல. பயப்படாதே, நீ நாயைவிடக் கொஞ்சம் பெரிய சைஸு.

— பாருங்க, நான் முப்பத்தொரு வருஷம் தெற்கே பெண்டிகோ ஊர்ல தபால்காரனா இருந்தவன். சேதி கொண்டுபோறது எனக்குப் புதுசில்ல. லினஸ், உங்க மாமியார் கேக்கறாங்க, என்ன அவசரம்னு.

— காத்து ஏறுறதுக்குள்ள அக்கரைக்குப் போயிரணும், அண்ணே.

— காத்து ஏறுறதுக்குள்ள அக்கரைக்குப்—

— கேட்டுச்சு. என் காது நல்லாத்தான் இருக்கு. அக்கரைக்கு எதுக்கு? இக்கரை ஓரமாவே சுத்தி, வாத்து காட்டி, முதலை காட்டி, மரத்தடியில டீ போட்டுக் கொடுத்துத் திருப்பி விடணும். பத்து வருஷமா அதான் டூரு. இவன் காலைல வந்ததும் வராததுமா உன்கிட்ட என்ன சொன்னான்?

— "இன்னைக்கு டூர் வேண்டாம் அண்ணே, அவங்களை மட்டும் படகுல ஏறச் சொல்லுங்க"ன்னாரு.

— நான் ஏறுவேனா? இந்த மனுஷன் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, வெயில்ல ஒரு மணி நேரம் தேவுடு காத்துக்கிட்டு இருக்காரு, அவரு வந்தாத்தான் நானும் வருவேன்னு சொன்னேன். தப்பா?

— எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நோரீன். முதல்ல வேற படகோன்னு சந்தேகப்பட்டேன். நோட்டீசு படத்துல பக்கவாட்டுல நீல எழுத்துல ஏதோ பேரு இருக்கு. இதுல வலது பக்கம் முழுக்கச் சேறு.

— ராத்திரி அக்கரைச் சேத்துல கட்டியிருந்தேன், அண்ணே.

— கழுவிட்டு வர்றதுக்கு என்னவாம் அவனுக்கு? சுத்தியும் தண்ணி. எனக்கு இடது கண்ணு போச்சு, வலது கண்ணு பாதி. சக்கரை தின்னுருச்சு. இல்லன்னா துறையிலயே பிடிச்சு ரெண்டு விட்டிருப்பேன், நாய் மூலமாத்தான்.

— கண்ணு தெரியாமலா பறவை காட்டுறீங்க?

— நான் காதால காட்டுவேன், நீ கண்ணால பாத்துக்க. அந்தா, வலது பக்கம், உடைஞ்ச மரத்துல, மீன்கொத்திக் கழுகு. இருக்கா?

— இருக்கு! அட, இருக்கு!

— எத்தனை?

— ஒண்ணுதான்.

— ஒண்ணுதான் இருக்கும். அதுக்கு ஜோடி இல்ல. ஆமா, உன் பேரென்னன்னு காலைல சொன்னே... ஏய், சொல்லாதே, சொல்லாதே!

— கெய்த்.

— சொல்லாதேங்கறேன், சொல்றியே!

— பேரைத்தானே கேட்டீங்க?

— வாய் தவறிக் கேட்டுட்டேன். அந்தப் பேரு என் புருஷனுக்கு இருந்துச்சு. போன வருஷம் போயிட்டார். எங்கள்ல போனவங்க பேரைச் சொல்றதில்ல. அதே பேருள்ள ஆளு ஊருக்குள்ள வந்தா அவனுக்கும் வேற பேருதான்.

— மன்னிச்சிருங்க. நோட்டீசுல ஒரு ஆளு முகத்துல கறுப்பு டேப்பு ஒட்டியிருந்துச்சே, அவரா?

— அவர்தான். நானே உட்கார்ந்து ஒட்டினேன், இருநூறு நோட்டீசு. முகத்துக்கு ஒரு துண்டு, பேருக்கு ஒரு துண்டு. கண்ணுலயும் படக் கூடாது, காதுலயும் விழக் கூடாது.

— எவ்வளவு நாளைக்கு?

— ஆறுற வரைக்கும். உனக்கு இன்னைக்குப் பேரு தபாலு. சரியா?

— தபாலுன்னே இருக்கட்டும். நாய்னு சொல்லாம விட்டீங்களே.

— எஞ்சினை மெதுவாக்கச் சொல்லு, தபாலு. உன்னை முதல்ல இந்தத் தண்ணிக்கு அறிமுகம் பண்ணணும். துறையிலயே பண்ணியிருக்க வேண்டியது. அவன் அவசரப்படுத்தினதுல விட்டுப்போச்சு.

— லினஸ், மெதுவா.

— சரிங்க அண்ணே. ஆனா ரொம்ப நேரம் வேண்டாம்.

— தொப்பியைக் கழட்டு. குனி. கையைத் தண்ணிக்குள்ள விடாதே, நாய் அப்படித்தான் போச்சு. நான் டப்பாவால மொண்டு ஊத்தறேன்... ஏ பெரியவங்களே! நான்தான் நோரீன், உங்க மகள்! இந்த மனுஷன் தெற்கேருந்து வந்திருக்காரு! தபால்காரரு! வாசனை பாத்துக்குங்க! காய்ச்சல் கொடுத்துராதீங்க, வழி தவற விட்டுராதீங்க, நல்லபடியா வீட்டுக்கு அனுப்பிருங்க!

— அப்பா... தண்ணி சில்லுன்னு இருக்கு. யாரைக் கூப்பிட்டீங்க?

— இங்க இருக்கற எங்க ஆளுங்களை. உனக்குத் தெரியாது, அவங்களுக்கு உன்னைத் தெரியணும். தெரியாத ஆளு காலை வச்சா நிலம் நோய் கொடுக்கும். ரொம்ப நாள் வெளியூர்ல இருந்துட்டு வர்றவங்களுக்கும் இதேதான். வாசனை மாறிப்போயிருக்கும்ல.

— உதட்டுல பட்டுச்சு. லேசா உப்புக் கரிக்குது.

— கரிக்குதா? உனக்கே தெரிஞ்சு போச்சா?

— லேசாத்தான்.

— போன வருஷம் இந்த இடத்துல கரிக்காது. எருமைங்க மிதிச்சு மிதிச்சு வாய்க்கால் விழுந்துச்சு, அது வழியா கடல் உள்ள வந்துக்கிட்டே இருக்கு. இடது பக்கம் வெள்ளையா நிக்குதே மரமெல்லாம், அதெல்லாம் செத்தது. முன்ன எல்லாத்துலயும் பட்டை காகிதம் மாதிரி உரியும். அதுல மீனைச் சுத்திச் சுடுவோம். அதுக்குக் கீழ அல்லி. வாயைக் காட்டினா அல்லித்தண்டு வந்து விழும், அவ்வளவு அல்லி.

— இப்ப ஒண்ணுகூட காணோம்.

— நோட்டீசுல என்ன போட்டிருக்கு? "ஆயிரக்கணக்கான வாத்துகள்". எண்ணு பாப்போம்.

— ஏழு, எட்டு... பதினொண்ணு.

— பதினொண்ணு. மிச்சத்தை நீ வீட்டுக்குப் போய் மனசுல நினைச்சுக்க. அரசாங்க ஆபீசுலேர்ந்து வந்து அளந்து பாத்தாங்க, படம் பிடிச்சாங்க, தலையை ஆட்டினாங்க. இன்னும் ரெண்டு மழைக்காலந்தான்னாங்க. அப்புறம் இது கடல்தான். நான் யாரைக் கூப்பிட்டு யாருக்கு அறிமுகம் பண்றது? சரி, விடு. ஆமா, ஏன் வெயில் என் முகத்துல அடிக்குது? படகை எங்க திருப்பறான்?

— நேரா போறாரு. அக்கரைப் பக்கம்.

— தபாலு, நான் அக்கரைக்கு வரமாட்டேன்னு ஒன்பது நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன்னு அவனுக்கு ஞாபகப்படுத்து.

— லினஸ், உங்க மாமியார்—

— கேட்டுச்சு, அண்ணே. வந்துதான் ஆகணும்னு சொல்லுங்க.

— பாருங்க, எனக்கு ஒண்ணும் புரியல. அக்கரைல என்ன இருக்கு?

— என் மகள் இருக்கா. கார்லீன். அவன் பொண்டாட்டி.

— ஓ. அவங்களைப் பாக்கப் போகத்தானே கூப்பிடறாரு? அதுக்கு ஏன்—

— உனக்குப் புரியாது. அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. எங்கள்ல வீட்டுக்கு ஒருத்தருக்காவது போகும், அதை விடு. மூணு வருஷமா டார்வின் பட்டணத்துல கிடந்தா. வாரத்துக்கு மூணு நாள் மெஷின். ரத்தத்தை வெளிய எடுத்து, கழுவி, மறுபடி உள்ள விடுது. மத்த நாலு நாள் அந்த மெஷினோட களைப்பு. ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்தற இடம்.

— இங்க பக்கத்துல எங்கயும் மெஷின் இல்லையா?

— வரும் வரும்னாங்க. ரோடும் வரும்னாங்க. போன வாரத்துக்கு முந்தின வாரம் அவ, "போதும், நான் வீட்டுக்குப் போறேன்"ன்னுட்டா. மெஷின்ல உட்கார மாட்டேன்னுட்டா. இந்த ஆளு என்ன பண்ணணும்? அதட்டி உட்கார வைக்கணும். இவன் ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்துட்டான்!

— அவ கேட்டா, அண்ணே.

— அவ சின்னப் பிள்ளைல முதலைக்குட்டியைக்கூடத்தான் வேணும்னு கேட்டா! வாங்கிக் கொடுத்தோமா?

— மெஷின் இல்லாம எவ்வளவு நாள் தாங்கும்னு டாக்டர்...

— ஒரு வாரம், பத்து நாள். ரொம்பக் கெட்டியான உடம்பா இருந்தா ரெண்டு வாரம்.

— இன்னைக்கு ஒன்பதாவது நாள்னு சொன்னீங்களே!

— அதனாலதான் சொல்றேன், இன்னும் நேரம் இருக்கு. இக்கரைல இருக்கற அந்தப் பெரிய மரத்தடிலதான் அவளைப் பெத்தேன். அங்க வந்து படுத்துக்கணுமாம் அவளுக்கு. ஆனா அவ மேல இப்ப ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. மூணு வருஷ வாசனை. நான் தண்ணி ஊத்தி, பேரு சொல்லிக் கூப்பிடாம அவ இந்தக் கரைல கால் வைக்க முடியாது. அக்கரை அவ அப்பன் ஊரு, அங்க இருக்கலாம். இது என் அப்பன் ஊரு. கூப்பிடறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

— அதனால நீங்க கூப்பிடாம இருக்கீங்க.

— கூப்பிட மாட்டேன். கூப்பிடலன்னா அவளால வர முடியாது. வர முடியலன்னா அலுத்துப்போகும். அலுத்துப்போனா என்னை நாலு திட்டு திட்டிட்டு டார்வினுக்குத் திரும்புவா. மெஷின்ல உட்காருவா. திட்டிக்கிட்டாவது உயிரோட இருப்பா. இப்ப புரிஞ்சுதா?

— புரியுது. வாசக்கதவைச் சாத்தி வச்சு உயிரைக் காப்பாத்தப் பாக்கறீங்க.

— வேற என்ன இருக்கு என்கிட்ட? மெஷினா இருக்கு?

— லினஸ், நீங்க ஏதாவது சொல்லணுமா?

— சொல்லுங்க அண்ணே... ஒன்பது நாளும் அந்த மரத்தைப் பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தா. மரம் தெரியற பக்கமா கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னா. அம்மா படகு வருதா, வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவங்க பிடிவாதத்துக்கு அளவே இல்லன்னு சொல்லுங்க.

— நோரீன், அவரு என்ன சொல்றாருன்னா, கார்லீன் உங்களை ரொம்பத் தேடினாங்களாம், அதனால நீங்க கொஞ்சம்—

— தபாலு! முப்பத்தொரு வருஷமும் கவரைப் பிரிச்சு எழுத்தை மாத்தித்தான் கொடுத்தியா?

— இல்ல.

— பின்ன? என்ன சொன்னானோ அதை அப்படியே கொடு. பிடிவாதம்னான். ஆமாம், பிடிவாதம்தான். நாலு பிள்ளை பெத்து மூணைப் புதைச்சவளுக்கு அதாவது மிஞ்ச வேண்டாமா? ராத்திரி தூங்கினாளான்னு கேளு.

— தூங்கல, அண்ணே.

— வலி இருந்துச்சான்னு கேளு.

— ராத்திரி இருந்துச்சு. இப்ப வலி இல்ல.

— இல்லையா? பாத்தியா! நான் சொன்னேன்ல, கெட்டியான உடம்பு. சேத்துக்குள்ள கம்பியை விட்டுக் குத்தி ஆமை எடுக்கறதுல இந்தச் சுத்து வட்டாரத்துல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒரே நாள்ல ஒன்பது ஆமை. கம்பி தட்டற சத்தத்துலயே சொல்லுவா, இது கல்லு, இது வேரு, இது ஆமைன்னு. சாப்பிட்டாளாமா?

— இல்லைங்க அண்ணே.

— யாரு கூட இருக்கா?

— ஹெக்டர் பெரியப்பா இருக்காரு. மத்தவங்களும் வந்துக்கிட்டிருக்காங்க.

— மத்தவங்க எதுக்கு? கூட்டம் கூட்டி என்னை வளைக்கறதுக்கு. ஹெக்டர் என் புருஷனோட அண்ணன், தபாலு. பெரிய மனுஷன். அவர் சொன்னா நான் தட்டமாட்டேன்னு இவனுக்குத் தெரியும். அதான் என்னை இழுத்துக்கிட்டுப் போய் அவர் முன்னால நிறுத்தப் பாக்கறான்.

— ஆமா, அண்ணே. அவர் முன்னாலதான் கொண்டுபோய் நிறுத்தணும்.

— ஒத்துக்கிட்டான் பாரு! வெக்கமில்லாம!

— லினஸ், உங்க கண்ணெல்லாம் சிவந்திருக்கு. கொஞ்ச நேரம் நான் வேணா எஞ்சினைப் பிடிக்கட்டுமா?

— வேண்டாம், அண்ணே. கைக்கு ஏதாவது வேலை வேணும்.

— அவனுக்குத் தூக்கமில்ல, அவ்வளவுதான். ஒண்ணு சொல்றேன் கேட்டியா, தபாலு, அவன் கெட்டவன் இல்ல. அவன் காது கேக்கவே சொல்றேன், உன்கிட்டதானே பேசறேன், தப்பில்ல. மூணு வருஷமா மாசம் ரெண்டு தடவை டார்வினுக்கு நானூறு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டுப் போனான். இந்தப் படகுக்கு அவ பேருதான் வச்சான். நீலப் பெயிண்ட்ல அவனே எழுதினான், எழுத்தெல்லாம் கோணல். கேலி பண்ணிச் சிரிச்சோம். எஞ்சின் கயிறை இழுக்கும்போதெல்லாம், "வா கார்லீன், வா கண்ணு"ம்பான். வந்த வெள்ளைக்காரங்கல்லாம் எஞ்சினுக்குத்தான் அந்தப் பேருன்னு நினைச்சுக்குவாங்க.

— நோரீன், நான் ஒண்ணு சொல்லலாமா? தபால்காரன் சொந்தமா எழுதறது தப்புதான்.

— எழுது.

— எனக்கு ஒரு மனைவி இருந்தா. ஜாய்ஸ். புத்துநோய். கடைசில ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ, என் ரோஜாச் செடியைப் பாக்கணும்னா. நான், இன்னும் ஒரு மருந்து இருக்கு, அதையும் பாத்துருவோம், அடுத்த வாரம் போகலாம்னேன். அவ, "சரி, அடுத்த வாரம்"ன்னா. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

— செடி?

— இருக்கு. நல்லா பூக்குது. எனக்கு அதைப் பாத்தாலே ஆத்திரமா வருது. தினம் தண்ணி ஊத்தும்போது, "ஜாய்ஸ், இன்னைக்கு ரெண்டு பூத்திருக்கு"ன்னு சொல்றேன். இத்தனைக்கும் ஆறு வருஷம் ஆச்சு.

— தினமுமா அவ பேரைச் சொல்ற?

— தினமும்.

— அப்ப அவ எப்படிப் போவா? அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கும்போதெல்லாம் நீ பின்னாலேர்ந்து கூப்பிடறே. அவ திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நிக்கறா, பாவம். அதனாலதான் நாங்க சொல்றதில்ல. மறந்துட்டதால இல்ல, தபாலு. மறக்கவே முடியாததால.

— அப்படி நான் யோசிக்கல.

— நீ வேலைல இருந்தப்ப சாவுச் சேதியும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கியா?

— ஆரம்பத்துல தந்தி இருந்துச்சு. கொடுத்திருக்கேன். கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கிக்கிட்டு, சைக்கிள்ல ஏறித் திரும்பிப் பாக்காம வந்துருவேன்.

— எங்கள்ல அப்படிக் கண்டவங்க கொண்டுவர முடியாது. அதுக்குன்னு முறைக்காரங்க இருக்காங்க. அவங்க வாயாலதான் வரணும். என் புருஷன் போனப்ப ஹெக்டர்தான் வந்து சொன்னாரு. சொல்லல, எதிர்ல வந்து உட்கார்ந்தாரு, அவ்வளவுதான். நான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் பச்சை இலையை எரிச்சு வீடெல்லாம் புகை காட்டினோம்.

— அண்ணே, ஓரமாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. இங்க அலை இருக்கு.

— பிடிச்சுக்கறேன்னு சொல்லு... தபாலு, எனக்கு ஒரு வாசனை வருது. கரையில புகை தெரியுதா?

— தெரியுது. நிறையவே தெரியுது. வெள்ளையா, தரையோட படர்ந்து வருது.

— பச்சை இலைப் புகை. மதியச் சோத்துக்கு யாரு பச்சை இலையை எரிப்பாங்க?

— கொசுவுக்கா இருக்குமோ?

— கொசுவுக்கு... இருக்கும். அவளைக் கொசு கடிக்கும்ல. சின்ன வயசுலேர்ந்தே அவ ரத்தம் கொசுவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

— நோரீன், காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?

— இல்ல. ரொட்டி சுட்டு வச்சேன், துணியில சுத்தி வச்சேன், எடுத்துக்கிட்டு வர மறந்துட்டேன். பத்து வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல. இங்க பாரு, நீ சொன்ன அந்தச் செடி கதை நல்லாவே இல்ல.

— எனக்கும் நல்லா இல்லதான்.

— "சரி, அடுத்த வாரம்"னு சொன்னாளா அவ?

— அப்படித்தான் சொன்னா.

— எதிர்த்து ஒரு வார்த்தை பேசலையா?

— பேசல. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

— இவளும் பேசல, தபாலு. ஒன்பது நாளா ஒரு திட்டு வரல எனக்கு. நான் திட்டுக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். அவ திட்டினா தெம்பா இருக்கான்னு அர்த்தம். "அம்மா வருவா, வருவா"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா. நான் என்ன பொம்பள? இந்தத் தண்ணியே கடலாகப் போகுது, மரமெல்லாம் வெள்ளையா நிக்குது. நான் யாருக்காகக் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்?

— இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கரை பக்கத்துலதான்.

— சொல்லு அவன்கிட்ட. நேரா அங்கயே விடச் சொல்லு. நான் வர்றேன். இந்த டப்பாவுல நம்ம தண்ணியை மொண்டுக்கறேன், அவ தலைல ஊத்தறேன். சாயங்காலத்துக்குள்ள அவளை இதே படகுல படுக்க வச்சு இக்கரைக்குக் கொண்டு வந்துருவோம். மெத்தை வேணும். வெயிலுக்கு ஒரு துணி கட்டணும். எல்லாத்தையும் சொல்லு, ஒண்ணுவிடாம.

— லினஸ், கேட்டீங்களா? சம்மதிச்சுட்டாங்க! லினஸ்?

— என்ன சொல்றான்?

— ஒண்ணும் சொல்லல.

— சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு. பதினாலு வருஷத்துல முதல் தடவையா மாமியார் இறங்கி வந்திருக்கால்ல. இருக்கட்டும். நான் இங்கேருந்தே ஆரம்பிக்கறேன், கரைக்குப் போறதுக்குள்ள பெரியவங்க காதுல விழுந்துரட்டும். ஏ பெரியவங்களே! நான்தான் நோரீன்! என் மகள் வர்றா! கார்லீன் வர்றா! உங்க கார்லீனை—

— அண்ணே, வேண்டாம்னு சொல்லுங்க.

— எதை வேண்டாம்னு?

— அப்படிக் கூப்பிட வேண்டாம்னு. தயவுசெஞ்சு, அண்ணே. சத்தமா வேண்டாம்.

— நோரீன், அவரு...

— கேட்டுச்சு.

— ஏன்னு கேக்கட்டுமா?

— கேக்காதே. கொஞ்சம் இரு. காலைல எஞ்சின் கயிறை இழுக்கும்போது அவன் என்ன சொன்னான்? உனக்கு ஞாபகம் இருக்கா?

— ஒண்ணும் சொல்லல. சும்மா இழுத்தாரு. நாலு தடவை இழுத்தாரு.

— காலைலேர்ந்து "அவ", "அவ"ங்கறான். தபாலு, அவன் பொண்டாட்டி பேரு என்னன்னு கேளு.

— உங்களுக்கே தெரியுமே—

— அப்படியே கொண்டுபோய்க் கொடு. ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லு.

— லினஸ், உங்க மனைவி பேரை ஒரு தடவை... நோரீன், தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

— சொல்ல மாட்டேங்கறானா?

— வாயை இறுக்கி மூடிக்கிட்டிருக்காரு. தலையை ஆட்டறாரு.

— எனக்குக் கண்ணு தெரியாது. நீ வலது பக்கமா எட்டிப் பாரு. நீல எழுத்து தெரியுதா?

— இல்ல. சேறு. காலைலயே சொன்னேனே.

— தெறிச்ச சேறா?

— இல்ல... இது தெறிச்சது இல்ல.

— பின்ன?

— கையால பூசியிருக்கு. விரல் தடம் தெரியுது. எழுத்து இருக்கற இடத்துல மட்டும். ஒண்ணுவிடாம.

— ஒண்ணுவிடாமலா.

— நோரீன்? அந்த டப்பாவைக் கொடுங்க, தண்ணி கொட்டுது. நோரீன்?

— கொட்டட்டும்.

— படகைத் திருப்பச் சொல்லட்டுமா?

— வேண்டாம். ஹெக்டர் எனக்கு எதிர்ல வந்து உட்காரணும். அவன் முறைப்படிதான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போறான். பாவம், இவ்வளவு நேரம் தனியாத் தூக்கிக்கிட்டு வந்திருக்கான். இன்னும் ஒரே ஒரு சேதி இருக்கு, தபாலு. எழுத்து மாத்தாம கொண்டுபோய்க் கொடு.

— சொல்லுங்க.

— இனிமே நானும் அந்தப் பேரைச் சொல்லமாட்டேன்னு சொல்லு.